விலங்குப் பெயர் கொண்ட விண்மீன் கூட்டங்கள்: லியோ எப்படி லியோனிஸ் ஆகிறது?

மாடிவானம்:

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அமாவாசையை ஒட்டிய இரவுகளில் மொட்டைமாடியில் வானம் காட்டுவது வழக்கம். இப்போது அவர்களே நட்சத்திர வரைபடம் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் கேள்விகளும் கூடிவிட்டன. சிங்கத்துக்கு லியோ என்று போட்டிருக்கிறது, ஆனால் அதன் பிரகாசமான நட்சத்திரத்தை ஆல்ஃபா லியோனிஸ் என்கிறார்கள். மீனத்துக்குப் பீசீஸ், ஆனால் அதிலுள்ள நட்சத்திரங்களுக்குப் பின்னால் பீசியம். முயல் லீபஸ், நட்சத்திரம் லெபோரிஸ். இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா? அப்புறம், சிங்கமும் காளையும் கிரேக்கர்கள் சொன்ன கதை என்றுதானே படித்திருக்கிறோம், பெயர் மட்டும் ஏன் லத்தீனில் இருக்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

பழையவாத்தியார்:

நல்ல கேள்வி அம்மா. விதி இருக்கிறது, அதுவும் தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு ரொம்பச் சுலபமாகப் புரியும் விதி. அது ஆறாம் வேற்றுமை, அவ்வளவுதான். ஆல்ஃபா லியோனிஸ் என்றால் ‘சிங்கத்தின் ஆல்ஃபா’. லத்தீனில் ‘உடைய’ என்று தனியாக ஒரு சொல் வராது, பெயர்ச்சொல்லின் வாலே மாறிவிடும்.

வால் மட்டும் மாறினால் பரவாயில்லை, உடம்பும் மாறுகிறதே என்பதுதான் பிள்ளைகளின் குழப்பமாக இருக்கும். நம் மொழியிலும் அப்படித்தானே நடக்கிறது. மரம் என்கிறோம், ஆனால் ‘மரமின் கிளை’ என்று யாரும் சொல்வதில்லை, மரத்தின் கிளை. வீடு வீட்டின் ஆகிறது, ஆறு ஆற்றின் ஆகிறது. தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், உருபு ஏற்கும்போது வேறு வடிவம். லத்தீனில் லியோ என்ற சொல்லின் உண்மையான அடி ‘லியோன்’. தனியாக நிற்கும்போது அந்த ‘ன்’ உதிர்ந்துவிடுகிறது, உருபு சேர்ந்தால் திரும்ப வந்துவிடுகிறது. மயிலுக்குப் பாவோ, மயிலின் பாவோனிஸ். டிராகனுக்கு டிராகோ, டிராகனின் டிராகோனிஸ். எல்லாம் ஒரே குடும்பம். நவம்பர் 17, 18 தேதிகளை ஒட்டி வரும் எரிகல் பொழிவுக்கு லியோனிட் என்று பெயர் வந்ததும் இந்த அடியிலிருந்துதான்.

முயல் லீபஸ் இன்னொரு வகை, ‘ஸ்’ போய் ‘ர்’ வரும், லெபோரிஸ். ஆனால் ‘அஸ்’ என்று முடியும் எல்லாமே இப்படி மாறாது. காளை டாரஸ், காளையின் டாரி. காகம் கார்வஸ், கார்வி. அன்னம் சிக்னஸ், சிக்னி. ஓநாய் லூபஸ், லூபி. டால்ஃபின் டெல்ஃபினஸ், டெல்ஃபினி. ‘ஆ’ என்று முடிபவை இன்னும் எளிது, பின்னால் ஒரு ‘ஏ’ ஒட்டினால் போதும்: கழுகு அக்விலா, அக்விலே, கரடி உர்சா, உர்சே, பல்லி லாசெர்ட்டா, லாசெர்ட்டே. பெரிய நாய் கேனிஸ் மேஜரில் ஒரு வேடிக்கை உண்டு, நாய் என்ற சொல்லுக்கு எழுவாய் வடிவமும் ஆறாம் வேற்றுமை வடிவமும் ஒன்றே, அதனால் ‘மேஜர்’ மட்டும்தான் ‘மஜோரிஸ்’ ஆகிறது. சிரியஸ் நட்சத்திரத்தின் முறையான பெயர் ஆல்ஃபா கேனிஸ் மஜோரிஸ்.

இந்த முறையைத் தொடங்கியவர் யோஹான் பேயர். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர். 1603இல் ‘யுரேனோமெட்ரியா’ என்ற வான வரைபட நூலை வெளியிட்டார். அதுவரை ‘சிங்கத்தின் இதயத்தில் உள்ளது’, ‘காளையின் தெற்குக் கண்ணில் உள்ளது’ என்று உடல் உறுப்பைச் சொல்லித்தான் நட்சத்திரத்தைக் காட்டுவார்கள். பேயர் கிரேக்க எழுத்தை முன்னால் போட்டு, கூட்டத்தின் பெயரை ஆறாம் வேற்றுமையில் பின்னால் போட்டார். 400 வருடம் தாண்டியும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ஆல்ஃபா என்றால் எப்போதும் அதிகப் பிரகாசம் என்று நம்பிவிடக் கூடாது. பெருங்கரடியின் ஏழு நட்சத்திரங்களுக்குப் பேயர் பிரகாசத்தைப் பார்க்காமல் வரிசையாக எழுத்து போட்டுக்கொண்டே போய்விட்டார். ஐந்தாவது எழுத்தான எப்சிலான், அதாவது ஆலியோத், ஆல்ஃபாவைவிட ஒரு மயிரிழை பிரகாசம்.

நள்ளிரவு:

வாத்தியார் சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. பீசியம் என்பது பன்மை. பீசீஸ் என்றால் மீன்கள், இரண்டு மீன். அதனால் ‘மீன்களின்’. தெற்கே இருக்கும் பீசிஸ் ஆஸ்ட்ரைனஸ் ஒற்றை மீன், அதனால் அதன் நட்சத்திரம் பீசிஸ் ஆஸ்ட்ரைனி. வேட்டை நாய்கள் கேனஸ் வெனாட்டிசி, அதுவும் இரண்டு நாய், அதனால் கேனம் வெனாட்டிகோரம். பேரைக் கேட்டாலே எத்தனை விலங்கு என்று தெரிந்துவிடும்.

செங்காந்தள்:

வாத்தியார் ஐயா, இலக்கணம் அழகாக இருக்கிறது, ஆனால் அக்காவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆதங்கம் இது. ‘லத்தீன் பெயர்கள்’ என்று சொல்லும்போது ரோமானியர்கள் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. பெரும்பாலானவற்றுக்கு அது உண்மையே இல்லை.

காளை, சிங்கம், தேள், ஆட்டுமீன் இந்த நான்கும் மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளிலேயே இருக்கின்றன. ‘முல் அபின்’ என்று ஒரு பாபிலோனிய நட்சத்திரத் தொகுப்பு இருக்கிறது, கி.மு. 1000ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது என்பார்கள். அதில் வானத்துக் காளையும் தேளும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. கிரேக்கர்கள் அவர்களிடமிருந்து வாங்கினார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அராட்டஸ் என்ற கவிஞர் இதையெல்லாம் கிரேக்கத்தில் பாட்டாகப் பாடினார். ரோமானியப் பேச்சாளர் சிசரோ இளைஞராக இருந்தபோது அந்தப் பாட்டை லத்தீனில் மொழிபெயர்த்தார். ரோமானியர் செய்தது பெரும்பாலும் இந்தப் பெயர்மாற்ற வேலைதான்.

கேப்ரிகார்னஸ் என்ற சொல்லைப் பாருங்கள். கேப்பர் என்றால் ஆட்டுக்கிடா, கார்னு என்றால் கொம்பு. பெயரில் ஆடும் கொம்பும் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் படம் வரைந்தால் பின்பாதி மீன் வால்! ஏன் என்றால் பாபிலோனில் அதன் பெயரே ஆட்டுமீன். லத்தீன் சொல்லில் மீன் காணாமல் போய்விட்டது, படத்தில் மட்டும் தங்கிவிட்டது. அதே உருவம் நம் பக்கம் வந்தபோது மகரம் ஆனது, நீர்வாழ் உயிர். அங்கே ஆடு மிஞ்சியது, இங்கே நீர் மிஞ்சியது. பஞ்சாங்கத்தில் இருக்கும் மேஷம், ரிஷபம், சிம்மம், விருச்சிகமும், லத்தீனின் ஏரீஸ், டாரஸ், லியோ, ஸ்கார்பியஸும் அதே குடும்பத்துப் பெயர்கள்தான். வராகமிகிரரின் பிருகஜ்ஜாதகத்தில் ராசிகளுக்கு இன்னொரு பெயர் வரிசை வருகிறது, அதில் ரிஷபத்துக்கு ‘தாவுரி’, சிம்மத்துக்கு ‘லேய’. கிரேக்க டாரோஸும் லியோனும் சமஸ்கிருத உச்சரிப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

அதனால் பிள்ளைகளிடம் இவை ஐரோப்பியர் வைத்த பெயர்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். லத்தீன் கடைசியாகக் கை வைத்த மொழி.

பழையவாத்தியார்:

காந்தள் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம், ஒன்றைத் தவிர. ரோமானியர் பார்வை அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெருங்கரடியின் ஏழு நட்சத்திரத்தை அவர்கள் ‘செப்டென்ட்ரியோனஸ்’ என்றார்கள், ஏழு உழவு மாடுகள். துருவத்தைச் சுற்றிச் சுற்றிப் போரடிக்கும் மாடுகள் போல அவை நடப்பதைக் கண்ட உழவர் வைத்த பெயர் அது. அதிலிருந்து லத்தீனில் வடதிசைக்கே செப்டென்ட்ரியோ என்று பெயர் வந்துவிட்டது. கிரேக்கருக்கு அது ஆர்க்டோஸ், கரடி. ஆர்க்டிக் என்ற சொல்லுக்கு மூலம் அந்தக் கரடிதான். அதே ஏழு நட்சத்திரத்தை நாம் ஏழு முனிவர்களாகப் பார்த்தோம். உர்சா மேஜர் என்ற இன்றைய பெயர் கிரேக்கக் கரடியின் லத்தீன் மொழிபெயர்ப்பு, உழவு மாடு பட்டியலுக்குள் வரவே இல்லை.

அலைகடல்:

லத்தீனுக்கு முன்னால் அரபி வருகிறதே, அதை யாரும் சொல்லவில்லை. அலெக்சாண்ட்ரியாவில் இருந்த கிரேக்க வானியலர் தாலமி கி.பி. 150 வாக்கில் 48 கூட்டங்களைப் பட்டியலிட்டார். அந்தக் கிரேக்க நூல் பாக்தாத்தில் அரபியில் பெயர்க்கப்பட்டது. அந்த நூலின் ‘அல்மாஜெஸ்ட்’ என்ற பெயரே அரபிக் கைபட்டதுதான். 1175இல் ஸ்பெயினின் டொலேடோ நகரத்தில் கிரெமோனாவின் ஜெரார்டு அதை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் கூட்டத்தின் பெயர் லத்தீனிலும் அதற்குள் இருக்கும் நட்சத்திரத்தின் பெயர் அரபியிலும் இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு சொல் போதும்: ‘தனப்’. அரபியில் வால். டெனெப் என்று எங்கே கேட்டாலும் அது ஏதோ ஒரு விலங்கின் வால். டெனெபோலா சிங்கத்தின் வால். டெனெப் கைடோஸ் கடல் மிருகத்தின் வால். டெனெப் அல்கெடி மகரத்து ஆட்டின் வால். வெறும் டெனெப், சிக்னஸ் அன்னத்தின் வால். அதன் முழுப் பெயரை எடுத்துப் பார்த்தால் ‘தனப் அத் தஜாஜா’, கோழியின் வால் என்று வரும். அரபியருக்கு அது கோழி, தாலமியின் நூலில் அது வெறும் ‘ஓர்னிஸ்’, பறவை. அன்னம் என்று உறுதியானது லத்தீன் வழியில்தான்.

வாய்க்கு ஃபம். ஃபொமல்ஹௌட் என்ற நட்சத்திரம் ‘ஃபம் அல் ஹூத்’, மீனின் வாய். தெற்கு மீனில் தேடினால் அதுதான் ஒற்றைப் பிரகாசமாகத் தெரியும். மாடியில் நின்று வால் எங்கே, வாய் எங்கே என்று பார்த்தால் விலங்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று தெரிந்துவிடும். வரைபடத்துக் கோடுகளைவிட இது உதவும்.

குறிஞ்சிமலர்:

லூபஸ் ஓநாய் என்கிறீர்களே, அது கிரேக்கத்தில் ஓநாயாகவே இல்லையாமே?

அலைகடல்:

ஆமாம். தாலமி ‘தேரியோன்’ என்கிறார், காட்டு விலங்கு என்று மட்டும்தான் பொருள். பாதி மனிதன் பாதி குதிரையான சென்டாரஸ் ஈட்டியில் குத்திப் பிடித்திருக்கும் ஏதோ ஒரு மிருகம். லத்தீனிலும் முதலில் பெஸ்டியா, ஃபேரா என்று பொதுவாகத்தான் எழுதினார்கள். ஓநாய் என்பது மறுமலர்ச்சிக் காலத்தில் நிலைத்த பெயர். சீட்டஸும் அப்படித்தான், முதலில் கடல் அரக்கன், இன்று எல்லாரும் திமிங்கிலம் என்கிறார்கள். திமிங்கில இனத்துக்கு உயிரியலில் சீட்டேசியா என்று பெயர் வந்ததும் அதே சொல்லிலிருந்து.

நாவாய்:

எல்லாரும் வடக்கையே பேசுகிறீர்கள், எனக்குப் பிடித்த விலங்குகள் எல்லாம் தெற்கே இருக்கின்றன. அவற்றின் கதை பழங்கதையே இல்லை, தேதி போட்டுச் சொல்லக்கூடிய வரலாறு.

1595இல் டச்சுக்காரர்கள் மிளகும் மசாலாவும் தேடி முதல் முறையாக ஜாவா பக்கம் கப்பல் விட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரஸ் பிளான்சியஸ் என்ற வரைபடக்காரர், கப்பலின் மாலுமி பீட்டர் கெய்சரிடம் தென்வானத்து நட்சத்திரங்களை அளந்து வா என்று சொல்லி அனுப்பினார். அந்த வானம் தாலமிக்குத் தெரியாது, அலெக்சாண்ட்ரியாவிலிருந்து பார்த்தால் தொடுவானத்துக்குக் கீழே கிடக்கும். கெய்சர் 1596இல் ஜாவாவின் பாண்டனில் இறந்துபோனார், ஊர் திரும்பவில்லை. அவருடைய அளவுகள் மட்டும் திரும்பின. அதே பயணத்தில் போன ஃபிரெடெரிக் டி ஹௌட்மேனும் வானத்தை அளந்தவர். அடுத்த பயணத்தில் சுமத்ராவின் அச்சேயில் சிறைப்பட்டார், அங்கிருந்தபடி நட்சத்திரம் அளப்பதைத் தொடர்ந்தார், மலாய் மொழியும் கற்றுக்கொண்டார். 1603இல் ஊரில் ஒரு மலாய் அகராதி வெளியிட்டார். தென்வானத்து நட்சத்திரப் பட்டியலை அதன் பின்னிணைப்பாகச் சேர்த்தார். ஓர் அகராதியின் கடைசிப் பக்கங்களில் நட்சத்திரப் பட்டியல்! எனக்கு இது எப்போது நினைத்தாலும் சிலிர்க்கும்.

அவர்கள் அளந்ததிலிருந்து 12 புதுக் கூட்டங்கள் வந்தன, 1598 வாக்கில் பிளான்சியஸ் செய்த வான உருண்டையில் ஏறின, அங்கிருந்து பேயரின் நூலுக்குப் போயின. அந்த 12இல் பெரும்பாலானவை விலங்கும் பறவையும். பச்சோந்தி, மயில், கொக்கு, ஈ, நீர்ப்பாம்பு, பறக்கும் மீன். கடற்பயணத்தில் என்ன கண்ணில் பட்டதோ அதுவே வானத்தில் ஏறியது. டொராடோ என்ற தங்க நிற மீன் பறவைக்கோலா மீனைத் துரத்தும், மாலுமிகள் கப்பலிலிருந்து தினம் பார்க்கும் காட்சி அது. வானத்திலும் டொராடோவுக்குப் பக்கத்திலேயே வோலான்ஸ், பறக்கும் மீன். முழுப் பெயர் பீசிஸ் வோலான்ஸ், பிறகு மீன் உதிர்ந்து ‘பறப்பது’ மட்டும் நின்றுவிட்டது.

இங்கேதான் லத்தீன் வேலை செய்வதைக் கவனிக்க வேண்டும். டொராடோ லத்தீனே இல்லை, ஸ்பானியச் சொல், ‘பொன்னிறமானது’. ஆனால் பட்டியலுக்குள் வந்த பிறகு அதற்கும் ஆறாம் வேற்றுமை வேண்டுமே, அதனால் டொராடஸ் என்று ஒரு வடிவம் உண்டாக்கினார்கள். டுகானா, அதாவது பெரிய அலகுள்ள டூகன் பறவை, பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுக்கீசியம் வழியாக வந்தது, அதற்கும் லத்தீன் சட்டை போட்டு டுகானே. டி ஹௌட்மேனின் பட்டியலில் அந்தப் பறவை டூகன் இல்லவே இல்லை, இந்தீசில், அதாவது கிழக்கிந்தியத் தீவுகளில், ‘லாங்’ எனப்படும் பறவை என்று எழுதியிருக்கிறார், அது இருவாச்சி என்று கருதுகிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை இருவாச்சியின் சொந்தக்காரப் பறவை வானத்துக்குப் போய் அமெரிக்கப் பறவையாகிவிட்டது.

ஏபஸ் இன்னொன்று. சொர்க்கப் பறவை. ‘கால் இல்லாதது’ என்ற கிரேக்கச் சொல். நியூகினியிலிருந்து வந்த தோல்களில் வணிகர்கள் காலை வெட்டிவிட்டே அனுப்புவார்கள், அதனால் ஐரோப்பாவில் இந்தப் பறவைக்குக் காலே கிடையாது, கீழே இறங்காமல் பறந்துகொண்டே இருக்கும் என்று நம்பினார்கள். வரைபடத்தில் ‘ஆவிஸ் இண்டிகா’, இந்தியப் பறவை, என்று இருக்க வேண்டியது ‘ஆபிஸ் இண்டிகா’ என்று விழுந்துவிட்டது. ஆபிஸ் என்றால் தேனீ! பேயரின் நூலில் பக்கத்திலேயே உண்மையான தேனீயும் ஒன்று உண்டு. குழப்பம் வேண்டாம் என்று பிரெஞ்சு வானியலர் லகாய் 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தேனீயை ஈ ஆக்கினார். இன்று அது மஸ்கா.

மாடிவானம்:

நாவாய் அண்ணா, இதையெல்லாம் நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

நாவாய்:

நிறையவே முடியும்மா, ஐரோப்பாக்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. கன்னியாகுமரி வடக்கு 8 டிகிரி. ஜனவரி நடுவில் இரவு ஒன்பதரை, பத்து மணிக்குத் தெற்கே கடல் பக்கம் பார்த்தால் டொராடோ தெரியும், அதிலிருக்கும் பெரிய மெகல்லன் மேகம், நம் பால்வெளிக்குப் பக்கத்திலுள்ள ஒரு குட்டி விண்மீன் மண்டலம், தொடுவானத்துக்கு மேல் சுமார் 12 டிகிரி வரை எழும்பும். நிலா இருக்கக் கூடாது, தெற்கே ஊர் வெளிச்சம் இருக்கக் கூடாது. அந்த மேகத்துக்குள் 30 டொராடஸ் என்ற நெபுலா, ஒளிரும் வாயு மேகம், உண்டு, டரன்டுலா என்பார்கள், அதுவும் ஒரு சிலந்தி. சென்னையிலிருந்து இன்னும் 5 டிகிரி தாழ்வாகத் தெரியும், ஆனால் நகர வெளிச்சத்தில் சிரமம். கொக்கும் மயிலும் செப்டம்பர், அக்டோபரில் எல்லா ஊரிலும் தெரியும், மழை விட்டால்.

நள்ளிரவு:

இடையில் ஒரு விலங்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேமலோபார்டாலிஸ். வடதுருவம் பக்கம் மங்கலாக இருக்கும் ஒட்டகச்சிவிங்கி. கிரேக்கத்தில் கமேலோஸ் ஒட்டகம், பார்டாலிஸ் சிறுத்தை, ஒட்டகம் போன்ற கழுத்தும் சிறுத்தை போன்ற புள்ளியும். இப்போது நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஒட்டகம், சிவிங்கி. சிவிங்கி என்றால் சிறுத்தை வகை. அதே இரண்டு விலங்கு, அதே வரிசை! ஆங்கிலத்தில் ஜிராஃப் என்பது அரபியின் ஜராஃபா, அதில் இந்த உருவம் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு இந்த லத்தீன் பெயரைச் சொன்ன நொடியில் புரிந்துவிடும்.

இதையும் 1612இல் உருண்டையில் ஏற்றியவர் அதே பிளான்சியஸ்தான், மோனோசெரோஸ் என்ற ஒற்றைக்கொம்பனோடு சேர்த்து.

வெள்ளிமுளைத்தது:

ஹெவேலியஸை விட்டுவிட்டீர்களே. போலந்தின் டான்சிக்கில் வீட்டுக் கூரைமேல் ஆய்வகம் கட்டியவர், தொலைநோக்கி வந்த பிறகும் நட்சத்திர இடங்களை வெறுங்கண்ணால் அளந்தவர். 1687இல் அவர் இறந்தார். கூடவே இருந்து அளந்த மனைவி எலிசபெத் 1690இல் நூலை அச்சிட்டு வெளியிட்டார். அந்த அம்மாள் இல்லாவிட்டால் லிங்க்ஸ், லாசெர்ட்டா, வல்பெக்குலா, லியோ மைனர், கேனஸ் வெனாட்டிசி எதுவும் நம்மிடம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் பேச்சில் அவர் பெயர் வருவதே இல்லை.

லிங்க்ஸ் என்று ஏன் வைத்தார் என்பதற்கு ஹெவேலியஸே காரணம் சொல்லியிருக்கிறார், லிங்க்ஸ் பூனையின் கூர்மையான கண் உள்ளவர்தான் இந்த மங்கல் நட்சத்திரங்களைப் பார்க்க முடியும் என்று. வல்பெக்குலா குட்டி நரி, வல்பஸ் என்ற நரிக்குக் குறுமை விகுதி சேர்த்தது. அவர் வரைந்தபோது நரியின் வாயில் ஒரு வாத்து இருந்தது, பெயரிலும் இருந்தது. இன்று கூட்டத்தின் பெயரில் வாத்து போய்விட்டது, அதன் ஆல்ஃபா நட்சத்திரத்துக்கு மட்டும் ஆன்செர், வாத்து, என்ற பெயர் தங்கியிருக்கிறது. 1967இல் ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சர், துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் விண்மீன், இந்தக் குட்டி நரிக்குள்தான் இருக்கிறது.

இதே போல லாசெர்ட்டாவும். அதில் பிஎல் லாசெர்ட்டே என்று ஒன்றை 1929இல் மாறொளிர் விண்மீன், அதாவது பிரகாசம் கூடிக் குறையும் விண்மீன், என்று பட்டியலில் சேர்த்தார்கள், பெயரும் அப்படியே வைத்தார்கள். பின்னால் பார்த்தால் அது நட்சத்திரமே இல்லை, நம் பால்வெளிக்கு வெகு அப்பால் இருக்கும் வேறொரு விண்மீன் மண்டலத்தின் கொதிக்கும் நடுப்பகுதி. அந்த வகைப் பொருள் எல்லாவற்றுக்கும் பிஎல் லாக் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எங்கோ உள்ள பெரும் கருந்துளை ஒன்று பல்லியின் ஆறாம் வேற்றுமையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

செங்காந்தள்:

சரி, இவ்வளவு பேசிய பிறகு நான் கேட்க நினைத்ததைக் கேட்கிறேன். இவ்வளவு மொழிகள் வழியாக மாறி மாறி வந்த பெயர்கள் என்றால், தமிழில் மாற்றிக்கொள்வதில் என்ன தடை? உர்சே மஜோரிஸ் என்று ஏன் பிள்ளைகள் திணற வேண்டும், பெருங்கரடியின் ஆல்ஃபா என்று சொல்லலாமே. அரபியர் மாற்றினார்கள், ரோமானியர் மாற்றினார்கள். நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

பழையவாத்தியார்:

பேசும்போது தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ‘பெருங்கரடியின் ஆல்ஃபா’ கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் எழுதும்போது எனக்குத் தயக்கம் உண்டு, காரணத்தைச் சொல்கிறேன்.

வானத்தில் எத்தனை பாம்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஹைட்ரா, 88 கூட்டங்களில் பரப்பளவில் மிகப் பெரியது. ஹைட்ரஸ், டச்சு மாலுமிகள் தெற்கே வைத்தது. இரண்டும் ஒரே சொல்லின் பெண்பாலும் ஆண்பாலும், ஆறாம் வேற்றுமையில் ஹைட்ரே, ஹைட்ரி. அப்புறம் செர்பென்ஸ், அது பாம்பாட்டி என்ற கூட்டத்தின் இரு பக்கமும் தலை தனி, வால் தனி என்று இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இது போதாதென்று டிராகோ. தமிழில் பாம்பு, நீர்ப்பாம்பு, நாகம், அரவம் என்று பிரித்து வைக்கலாம், ஆனால் ஒருவர் அரவம் என்பதை இன்னொருவர் நாகம் என்பார். நாய் மூன்று இடத்தில், சிங்கம் இரண்டு இடத்தில், கரடி இரண்டு, மீன் நான்கு.

1922இல் ரோமில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் இந்தச் சிக்கலுக்குத்தான் 88 பெயரையும் மூன்றெழுத்துச் சுருக்கத்தையும் முடிவு செய்தது. அதற்குப் பிறகு பெல்ஜியத்தின் டெல்போர்ட் எல்லைக் கோடுகளை வரைந்தார், 1930இல் அச்சாகியது. அதற்கு முன்பு எந்த நட்சத்திரம் எந்த விலங்கைச் சேர்ந்தது என்று வரைபடத்துக்கு வரைபடம் சண்டை. லத்தீன் இன்று யாருக்கும் தாய்மொழி இல்லை. ஜப்பான்காரரும் பிரேசில்காரரும் நாமும் ஒரே அளவு சிரமப்பட்டுக் கற்கிறோம், அது எனக்கு நியாயமாகவே படுகிறது.

அதனால் என் கருத்து, வாயால் தமிழ், வரைபடத்தில் இரண்டும். குழந்தை ‘முயலின் ஆல்ஃபா’ என்று சொல்லட்டும், கீழே ஆல்ஃபா லெபோரிஸ் என்றும் எழுதியிருக்கட்டும்.

செங்காந்தள்:

இரண்டும் என்றால் எனக்கும் சம்மதம்தான் ஐயா. ஆனால் வரைபடத்தில் தமிழ் மேலேயும் லத்தீன் கீழேயும் இருக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குறிஞ்சிமலர்:

88க்குள் வராமல் போன விலங்குகளும் உண்டு, பிள்ளைகளுக்கு அவையும் பிடிக்கும். பிரெஞ்சு வானியலர் லலாண்டுக்குப் பூனை என்றால் உயிர். வானத்தில் சிங்கம், லிங்க்ஸ் எல்லாம் இருக்கிறது, வீட்டுப்பூனை மட்டும் இல்லை என்று 1799இல் ஃபேலிஸ் என்று ஒரு கூட்டம் உண்டாக்கினார். ஜெர்மன் வானியலர் போடேயின் 1801 வரைபடத்தில் அது இடமும் பிடித்தது, ஆனால் 1922 பட்டியலில் இல்லை. கலைமான் ஒன்று இருந்தது, ஆந்தை ஒன்று இருந்தது, எல்லாம் போயின. பூனைக்கு மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்தது: அது இருந்த இடத்து நட்சத்திரம் ஒன்றுக்கு 2018இல் ஒன்றியம் ஃபேலிஸ் என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைத்தது. இப்போது அந்தப் பூனை ஹைட்ராவின் எல்லைக்குள் இருக்கிறது.

அலைகடல்:

டால்ஃபினில் சுவாலோசின், ரொட்டானெவ் என்று இரண்டு நட்சத்திரம் உண்டு. அரபியும் இல்லை, கிரேக்கமும் இல்லை, 1814இல் சிசிலியின் பலெர்மோ ஆய்வகப் பட்டியலில் திடீரென்று வந்தன. பல வருடம் யாருக்கும் புரியவில்லை. இரண்டையும் ரோமன் எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் நிக்கோலாஸ் வெனாட்டோர் என்று வரும். அங்கே உதவியாளராக இருந்த நிக்கோலோ கச்சாத்தோரேயின் பெயரின் லத்தீன் வடிவம், கச்சாத்தோரே என்றால் வேட்டைக்காரர், லத்தீனில் வெனாட்டோர். வேட்டை நாய்கள் கேனஸ் வெனாட்டிசியில் இருப்பதும் அதே சொல்தான். ஒன்றியம் இந்த இரண்டு பெயரையும் அங்கீகரித்தே விட்டது.

மாடிவானம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இந்த வாரத்துக்கு இது தாராளம். வாத்தியார் சொன்ன மரம், மரத்தின் வைத்தே ஆரம்பிக்கப் போகிறேன், அப்புறம் அலைகடல் சொன்ன வால்களைத் தேட விடுவேன். வரைபடத்தில் தமிழ் மேலே, காந்தள். கடைசியாக ஒன்று மட்டும். சீட்டஸ் என்கிறார்கள், கேட்டுஸ் என்கிறார்கள், சிக்னஸ், கிக்னுஸ் என்றும் கேட்கிறேன். எது சரி?

பழையவாத்தியார்:

பழைய ரோமில் சி (C) என்ற அந்த எழுத்து எப்போதும் ‘க’தான், ஆக கேட்டுஸ், கிக்னுஸ். பிற்காலத்தில் ‘ஈ’, ‘ஏ’ ஒலிகளுக்கு முன்னால் அது வரும்போது உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறியது. இத்தாலியில் ‘ச்’ போல, ஆங்கிலத்தில் ‘ஸ்’ போல. வானியலர் கூட்டத்தில் இரண்டும் கேட்கும், யாரும் திருத்துவதில்லை. பிள்ளைகள் சீட்டஸ் என்றே பழகட்டும், காணொளிகளில் அதுதான் வரும். உருபை மட்டும் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள்: சீட்டஸ், சீட்டி. அதன் மீரா என்ற நட்சத்திரத்தின் இன்னொரு பெயர் ஒமிக்ரான் சீட்டி. சுமார் 11 மாதத்துக்கு ஒரு முறை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரகாசமாகி, பிறகு மங்கிப் போகும். அடுத்த உச்சம் எப்போது என்று பார்த்துவிட்டு, அது இரவு வானத்தில் இருக்கும் மாதமாக அமைந்தால் பிள்ளைகளை அன்றைக்குக் கூப்பிடுங்கள்.